இனிப்பு நீரின் வரலாறும் நைட்ரிக் ஆக்சைடும்

வட சிலாங்கூரின் சபாக் பெர்ணம் மாவட்டத்தில் கடலை அடுத்துள்ள சிற்றூர் சுங்கை ஆயர் தாவார். மலாய்மொழியில் இப்பெயர் 'நன்னீர் ஆறு' எனப் பொருள்படும். உப்பும் இனிப்பும் ஏறாத நீரே ஆயர் தாவார். இவ்வூரிலிருந்து தெற்கே கோல சிலாங்கூர் வரையிலும், வடக்கே பெர்ணம் ஆற்றைக் கடந்து கீழ்ப் பேராக் வரையிலும் பரந்து கிடக்கும் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாகத் தமிழர் உழைத்து வந்துள்ளனர். அவர்தம் பேச்சில் வேறொரு நீரும் உண்டு. அதற்கு 'இனிப்பு நீர்' என்று பெயர். ஏட்டு வழக்கில் நீரிழிவு என நாம் குறிக்கும் நோயே அது.

இந்நோயைப் பற்றி நம்மவரிடையே இரண்டு எண்ணங்கள் வேரூன்றிவிட்டன. இது நம் இரத்தத்தோடு பிறந்தது, தப்ப இயலாது என்பது ஒன்று. இன்சுலின் ஊசி போடத் தொடங்கிவிட்டால் வாழ்வின் முடிவு நெருங்கிவிட்டது என்பது மற்றொன்று. முதல் எண்ணம் முயற்சியைக் கெடுக்கிறது. இரண்டாம் எண்ணம் மருத்துவத்தைத் தள்ளிப்போடச் செய்கிறது. தள்ளிப்போட்டதன் விலையாகக் காலை இழந்தோரும் கண்ணொளி இழந்தோரும் சிறுநீரகம் பழுதுற்றோரும் நம்மிடையே பலர். இவ்விரு எண்ணங்களும் பிழை என்பதை அறிவியலின் வரலாறு காட்டுகிறது. உடல் தன் இன்சுலினை எவ்வாறு அளந்து வெளியிடுகிறது என்பதையும், அவ்வளவையில் நைட்ரிக் ஆக்சைடு என்னும் எளிய வாயு பெற்றுள்ள இடத்தையும் அறிந்தால் அது தெளிவாகும்.

பழையோர் கண்டவை

நீரிழிவு புதிய நோயன்று. சுசுருதர், சரகர் பெயரால் வழங்கும் பழைய மருத்துவ நூல்கள் இதனை மதுமேகம் என்றன. தேன்போல் இனிக்கும் சிறுநீர் என்பது அச்சொல்லின் கருத்து. நோயாளியின் சிறுநீரை எறும்பு மொய்ப்பதையும் அம்மருத்துவர் கண்டிருந்தனர். பிறவியிலேயே வருவது, தகாத உணவாலும் ஒழுக்கத்தாலும் வருவது என இந்நோயைச் சுசுருதர் இரண்டாகப் பிரித்தார். பின்னதற்கு அவர் கூறிய மருத்துவம் நம் கருத்தைக் கவர்வது. நெடுந்தொலைவு நடத்தல் வேண்டும், கிணறு தோண்டுதல் வேண்டும் என்றார். நம் சித்த மருத்துவ நூல்களும் மேகநோய்களின் வரிசையில் மதுமேகத்தை வைத்துப் பேசின.

மேலைநாட்டில் தாமஸ் வில்லிஸ் என்னும் ஆங்கில மருத்துவர் 1674-இல் இச்சிறுநீரின் இனிப்பை எழுதி வைத்தார். 1776-இல் லிவர்பூல் மருத்துவர் மேத்யூ டாப்சன், அவ்வினிப்பு சர்க்கரையே என்றும், அது குருதியிலும் உண்டு என்றும் காட்டினார். ஆயினும் இனிப்பு எங்கிருந்து பெருகுகிறது, அதனை அடக்கியாளும் உறுப்பு எது என்பதை அறிய மேலும் நூறாண்டுக்கு மேல் ஆயிற்று.

தீவுகளைத் தேடிய காலம்

1869-இல் பெர்லினில் மருத்துவம் பயின்ற பால் லாங்கர்ஹான்ஸ் என்னும் இளைஞர் கணையத்தை நுண்ணோக்கியில் ஆராய்ந்தபொழுது, செரிமான நீரைச் சுரக்கும் உயிரணுக்களுக்கிடையே திட்டுத் திட்டாக வேறுவகை உயிரணுக்கள் இருக்கக் கண்டார். அவற்றின் பணி யாதென அவருக்குத் தெரியவில்லை. பின்னாளில் அவை லாங்கர்ஹான்ஸ் தீவுகள் எனப் பெயர்பெற்றன. 1889-இல் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் மின்கோவ்ஸ்கியும் வான் மேரிங்கும் ஒரு நாயின் கணையத்தை நீக்கினர். அந்நாய்க்குக் கடுமையான நீரிழிவு கண்டது. நோயின் திறவுகோல் கணையத்தில் இருப்பது அதனால் உறுதியாயிற்று.

அத்திறவுகோலைக் கையில் எடுத்தவர்கள் கனடா நாட்டின் டொரொண்டோ நகரத்தார். 1921-ஆம் ஆண்டுக் கோடையில் பிரெடரிக் பாண்டிங், சார்லஸ் பெஸ்ட் ஆகிய இருவரும் பேராசிரியர் மெக்லியோடின் ஆய்வுக்கூடத்தில் கணையச் சாற்றைப் பிரித்தெடுக்க முயன்றனர். ஜேம்ஸ் கோலிப் அதனைத் தூய்மைப்படுத்தினார். 1922 சனவரி 11-ஆம் நாள் லெனார்டு தாம்சன் என்னும் பதினான்கு வயதுச் சிறுவனுக்கு அச்சாறு செலுத்தப்பட்டது. முதல் ஊசி பெரும்பயன் தரவில்லை. சனவரி 23-ஆம் நாள் தூய்மை மிகுந்த சாற்றைச் செலுத்தியபொழுது குருதியிலிருந்த சர்க்கரை குறைந்தது. எலும்புந் தோலுமாகக் கிடந்த சிறுவன் தேறினான். அதன்பின் அவன் பதின்மூன்றாண்டு வாழ்ந்தான். தீவு எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து அம்மருந்து இன்சுலின் எனப் பெயர்பெற்றது.

இங்கே ஒன்றை மாணவர் உளங்கொள்ள வேண்டும். இன்சுலின் ஊசி சாவின் அறிகுறியாக உலகிற்கு வரவில்லை. சாவின் வாயிலில் கிடந்த சிறாரை எழுப்பி நடத்தும் மருந்தாகவே வந்தது. கண்டுபிடித்தோர் அதன் உரிமையை ஆளுக்கு ஒரு டாலர் பெற்றுக்கொண்டு டொரொண்டோ பல்கலைக்கழகத்திற்கு அளித்தனர். 1923-இல் பாண்டிங்கிற்கும் மெக்லியோடுக்கும் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

அந்நாளில் நம் தோட்டங்கள்

அதே 1923-ஆம் ஆண்டில்தான் மலாயாவில் தோட்டங்கள் தொழிலாளரின் பிள்ளைகளுக்குப் பள்ளி அமைக்க வேண்டும் என்று தொழிலாளர் சட்டம் விதித்தது. நம் தோட்டத் தமிழ்ப்பள்ளிகள் பலவற்றின் வரலாறு அச்சட்டத்தோடு தொடர்புடையது. தென்னமரம் என்று தமிழ்ப்பெயர் தாங்கிய கோல சிலாங்கூர்த் தோட்டத்தில், 1917-இல் பிரெஞ்சுக்காரரான ஆன்ரி போக்கொனியே நாட்டின் முதல் வாணிகச் செம்பனைச் சாகுபடியைத் தொடங்கியிருந்தார். பெர்ணம் ஆற்றுக்கு அப்பால் ஜெண்டராட்டாவில் டென்மார்க்குப் பொறியாளர் ஆகெ வெஸ்டன்ஹோல்ஸ் 1906-இலேயே ரப்பர்த் தோட்டம் கண்டிருந்தார்.

அக்காலத்துத் தோட்ட மருத்துவமனைகளை நிறைத்தவை மலேரியாவும் வயிற்றுக்கடுப்பும் கொக்கிப்புழுவும் சோகையுமே. கிள்ளான் வட்டாரத்தில் 1901 முதல் மால்கம் வாட்சன் சதுப்பு நிலங்களின் நீரை வடித்துக் கொசுவை ஒழிக்கப் பாடுபட்டது அந்நிலையில்தான். இனிப்பு நீரை அன்றைய மருத்துவர்கள் உட்கார்ந்து உண்ணும் செல்வர்க்குரிய நோயாகவே கருதினர். விடியுமுன் பெரட்டுக்கு நின்று, பொழுதேறும்வரை நிரை நிரையாக மரம் வெட்டி, பால் சுமந்து ஸ்டோருக்கு நடந்த தொழிலாளிக்கும் அந்நோய்க்கும் வெகுதொலைவு இருந்தது. அரைவயிற்று உணவும் அளவிறந்த உழைப்புமே அவர் வாழ்வு.

இவ்விடத்தில் ஓர் இயைபையும் குறிப்பிடலாம். இன்சுலினை ஐரோப்பாவில் பரப்பியோரில் தலையானவர் டென்மார்க்கின் ஆகஸ்ட் குரோக். உழைக்கும் தசையில் நுண்குருதிக் குழாய்கள் எவ்வாறு திறக்கின்றன என்று ஆராய்ந்து 1920-இல் நோபல் பரிசு பெற்றவர் அவர். அவர் மனைவி மாரி குரோக் ஒரு மருத்துவர். நீரிழிவு நோயாளரும் ஆவார். இருவரும் 1922-இல் அமெரிக்கக் கண்டம் சென்றபொழுது டொரொண்டோவினரிடம் இசைவு பெற்றுத் திரும்பினர். குரோக், ஹாகெடோர்ன் என்னும் மருத்துவருடன் சேர்ந்து தம் நாட்டில் இன்சுலின் உற்பத்தியைத் தொடங்கினார். நுண்குழாய்கள் திறப்பதற்கும் இன்சுலினுக்கும் உள்ள உறவு அன்று எவர்க்கும் தெரியாது. அவ்வுறவை வெளிப்படுத்த வேண்டிய பொருள் வேறொரு துறையில், வெடிமருந்தில் மறைந்து கிடந்தது.

வெடிமருந்திலிருந்து குருதிக் குழாய்க்கு

நைட்ரிக் ஆக்சைடு என்பது ஒரு நைட்ரசன் அணுவும் ஓர் ஆக்சிசன் அணுவும் சேர்ந்த வாயு. 1772-இல் ஜோசப் பிரீஸ்ட்லி அதனைப் பற்றி எழுதினார். மின்னலிலும் எந்திரப் புகையிலும் தோன்றும் நச்சு வாயு என்றே நெடுங்காலம் அது கருதப்பட்டது. 1847-இல் இத்தாலியரான சொப்ரேரோ நைட்ரோகிளிசரின் என்னும் வெடிபொருளை ஆக்கினார். ஆல்பிரெட் நோபல் 1867-இல் அதனை டைனமைட்டாக்கிப் பெருஞ்செல்வர் ஆனார். 1879-இல் இலண்டன் மருத்துவர் வில்லியம் மரல், அதே பொருளைச் சிறிதளவு கொடுத்தால் இதய நெஞ்சுவலி தணிகிறது என்று எழுதினார். நோபல் தம் இறுதி நாளில், 1896-இல், இதயநோய்க்கு நைட்ரோகிளிசரினையே உட்கொள்ளுமாறு மருத்துவரால் அறிவுறுத்தப்பட்டார். மலையைப் பிளப்பது துளியளவில் இதயத்தைக் காத்தது. ஏன் என்பதற்குத்தான் விடையில்லை.

விடை நூறாண்டு கழித்துக் கிடைத்தது. 1977-இல் பெரிட் மூராத், நைட்ரோகிளிசரின் முதலியன நைட்ரிக் ஆக்சைடை வெளிவிட்டே குழாய்த் தசையைத் தளர்த்துகின்றன என்று காட்டினார். 1980-இல் நியூயார்க்கைச் சேர்ந்த இராபர்ட் பர்ச்காட், குருதிக் குழாயின் உட்சுவரை மூடியிருக்கும் மெல்லிய உயிரணுப் படலம் ஏதோ ஒரு பொருளை விடுத்துக் குழாயை விரியச் செய்கிறது என்று கண்டார். அப்பொருள் நைட்ரிக் ஆக்சைடே என்னும் கருத்தை அவரும் லூயி இக்னாரோவும் 1986-இல் வெளியிட்டனர். சால்வடோர் மொன்காடாவின் குழுவினர் 1987-இல் அதனை மெய்ப்பித்தனர். உணவுப் புரதத்திலுள்ள ஆர்ஜினின் என்னும் அமினோ அமிலத்திலிருந்தே உடல் இவ்வாயுவை ஆக்கிக்கொள்கிறது என்பதையும் மொன்காடா குழுவினர் அடுத்த ஆண்டில் காட்டினர். 1998-இல் பர்ச்காட், இக்னாரோ, மூராத் மூவரும் நோபல் பரிசு பெற்றனர். வெடிமருந்தால் திரண்ட செல்வத்திலிருந்து அப்பரிசு வழங்கப்பட்டது.

நச்சு என ஒதுக்கப்பட்ட வாயு, உயிரணுக்கள் தம்முள் செய்தி அனுப்பும் தூதன் எனத் தெரிந்தபின், ஆய்வாளர் உடலின் ஒவ்வோர் உறுப்பிலும் அதனைத் தேடினர். கணையத் தீவுகளிலும் தேடினர்.

கணையத்தில் அதன் இரு முகங்கள்

தீவுகளிலுள்ள பீட்டா உயிரணு இன்சுலினைச் செய்து சிறு சிறு பொதிகளாகச் சேமித்து வைக்கிறது. உணவுக்குப்பின் குருதியில் சர்க்கரை ஏறும்பொழுது அச்சர்க்கரை பீட்டா உயிரணுவினுள் புகுந்து எரிந்து ஆற்றலாகிறது. அவ்வாற்றல் உயிரணுச் சுவரிலுள்ள பொட்டாசியக் கதவுகளை மூடுகிறது. அதனால் மின்னழுத்தம் மாறிக் கால்சியக் கதவுகள் திறக்கின்றன. உள்ளே பாயும் கால்சியம், இன்சுலின் பொதிகளைச் சுவரோரம் தள்ளிக் குருதியில் திறந்துவிடுகிறது. சர்க்கரை குறைந்தால் இவ்வரிசை நின்றுவிடும். கணையம் ஒவ்வொரு நிமிடமும் அளந்து கொடுக்கும் கணக்கப்பிள்ளையைப் போன்றது.

ஆர்ஜினின் கொடுத்தால் இன்சுலின் மிகுதியாகச் சுரக்கும் என்பது 1960களிலேயே தெரிந்த செய்தி. ஆர்ஜினினிலிருந்து நைட்ரிக் ஆக்சைடு பிறக்கிறது என்று தெரிந்தவுடன், அச்சுரப்பிற்கும் இவ்வாயுவே காரணமோ என்னும் வினா எழுந்தது. 1992-இல் 'சயன்ஸ்' இதழில் வெளிவந்த ஓர் ஆய்வு, ஆம் என்றது. ஆனால் சுவீடன் நாட்டின் லுண்ட் பல்கலைக்கழகத்தார் நேர்மாறாகக் கண்டனர். எலியின் தீவுகளில் இவ்வாயுவை ஆக்கும் நொதியைத் தடுத்தபொழுது இன்சுலின் மிகுதியாகச் சுரந்தது. ஆகவே வாயு சுரப்பை அடக்குகிறது என்றனர். 2003-இல் அமெரிக்க ஆய்வாளர் ரிசோவும் பிஸ்டனும், சர்க்கரையை உணரும் குளுக்கோகைனேசு என்னும் நொதியை நைட்ரிக் ஆக்சைடு இன்சுலின் பொதிகளிலிருந்து விடுவிக்கிறது என்று காட்டினர். எவ்வளவு வாயு, எந்நேரத்தில், எவ்விடத்தில் என்பதைப் பொறுத்து விளைவு மாறுகிறது என்பதே இம்மாறுபாடுகளிலிருந்து நாம் கொள்ளத்தக்க பொருள். இவ்வழக்கு இன்னும் முற்றத் தீரவில்லை.

தீர்ந்துபோன செய்தி ஒன்றும் உண்டு. உடலின் காப்புப் படையே தவறிப்போய்க் கணையத் தீவுகளைத் தாக்குவது முதல்வகை நீரிழிவு. அத்தாக்குதலில் இன்டர்லூக்கின்-1 என்னும் அழற்சிப் பொருள் தீவுகளுக்குக் கேடு செய்வதை டென்மார்க்கு ஆய்வாளர் 1980களின் நடுவில் கண்டனர். அப்பொருள் பீட்டா உயிரணுவில் வேறொரு நொதியைத் தூண்டி, நைட்ரிக் ஆக்சைடை வெள்ளம்போல் பெருகச் செய்கிறது என்பது 1990களின் தொடக்கத்தில் தெரிந்தது. அவ்வெள்ளத்தில் உயிரணுவின் ஆற்றல் உலை அணைந்துபோகிறது. ஆற்றல் இல்லையேல் பொட்டாசியக் கதவு மூடாது, இன்சுலினும் வெளிப்படாது, இறுதியில் உயிரணுவே மடிகிறது. இச்சான்றுகளிற் பெரும்பாலானவை எலிகளின் தீவுகளிலிருந்து கிடைத்தவை.

நம்மவரைப் பெரிதும் பற்றும் இரண்டாம்வகை நீரிழிவிலோ குருதிக் குழாய்களில் இவ்வாயுவின் குறைவு தொல்லை தருகிறது. இன்சுலின் தானே குழாயின் உட்படலத்தைத் தூண்டி நைட்ரிக் ஆக்சைடை விடுவித்து, தசைக்குக் குருதியைப் பெருக்குகிறது என்பது 1994-இல் மனிதரிடத்தில் காட்டப்பட்டது. குரோக் கண்ட நுண்குழாய்களும் அவர் பரப்பிய இன்சுலினும் இங்கே வந்து கூடுகின்றன. சர்க்கரை நெடுங்காலம் மிகுந்திருந்தால் உட்படலம் கெட்டு, பயன்தரும் நைட்ரிக் ஆக்சைடு குறைகிறது. குழாய்கள் விறைக்கின்றன. கால்விரல், விழித்திரை, சிறுநீரகம், இதயம் ஆகியவை பழுதுறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ரப்பர்ப் பாலை உறைய வைக்கும் அமிலத்தை நம் முன்னோர் அளந்தே ஊற்றினர். குறைந்தால் பால் உறையாது. மிகுந்தால் சீட்டுக் கெடும். உடலும் நைட்ரிக் ஆக்சைடை அவ்வாறே ஆள்கிறது. திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தை வகுத்து, மிகுதியும் குறைவும் நோய் செய்யும் என்று தொடங்கியதைத் தமிழாசிரியர்க்கு நினைவூட்ட வேண்டியதில்லை.

இரத்தமா, வரலாறா?

மலேசியாவில் 1986-ஆம் ஆண்டுத் தேசிய நலவாழ்வுக் கணக்கெடுப்பு, முப்பத்தைந்து வயதுக்கு மேற்பட்டோரில் நூற்றுக்கு 6.3 பேருக்கு நீரிழிவு எனக் கண்டது. 2019-இல் பதினெட்டு வயதுக்கு மேற்பட்டோரிலேயே அது 18.3 ஆயிற்று, இந்தியரிடையே 31.4. 2023-இல் நாட்டு மொத்தம் 15.6 எனச் சற்றுக் குறைந்தது. மூன்றில் ஒருவர் என்னும் நிலையை நெருங்கிய நம் இனத்தின் இரத்தம் இம்முப்பது ஆண்டுகளில் மாறியதா? மாறவில்லை. மாறியது வாழ்வு.

மரபுக்கு ஒரு பங்கு உண்டு. அதனை மறுப்பார் இல்லை. ஆனால் பசியின் பங்கும் பெரிது. 1992-இல் ஹேல்ஸ், பார்க்கர் என்னும் இங்கிலாந்து ஆய்வாளர், கருவிலும் மழலையிலும் பட்ட ஊட்டக்குறைவு கணையத்தின் வளர்ச்சியைக் குறைத்து, பின்னாளில் உணவு பெருகும்பொழுது நீரிழிவுக்கு வழிவிடுகிறது என்று கூறினர். நெதர்லாந்தில் 1944-45 பஞ்சத்தின்போது கருவிலிருந்தோர் நடுவயதில் சர்க்கரையைத் தாங்கும் ஆற்றல் குன்றியிருந்தனர் என்று 1998-இல் வெளிவந்த ஆய்வு அதற்குத் துணைநின்றது. சப்பானியர் ஆட்சியில், 1942 முதல் 1945 வரை, மரவள்ளிக் கிழங்கை உண்டு உயிர்வைத்திருந்த நம் தோட்டத்துத் தாய்மாரையும், அவர்தம் வயிற்றில் வளர்ந்த பிள்ளைகளையும் இங்கே நினைத்துப் பார்க்கத் தோன்றுகிறது. பசியில் உருவான உடல் பின்னர் வேறொரு காலத்தைச் சந்தித்தது.

அக்காலமும் விரைந்து வந்தது. ரப்பர் வெட்டிச் செம்பனை நட்டனர். தோட்டங்கள் துண்டாடப்பட்டன, பல, நகரத்துக்கும் தொழிற்பேட்டைக்கும் இடம்விட்டன. நாள்தோறும் கல்தொலைவு கணக்கில் நடந்த கால்கள், தொழிற்சாலையிலும் காவற்கூண்டிலும் வண்டி இருக்கையிலும் அசைவற்றன. உண்ணும் சோறு குறையவில்லை. டின்பால் கலந்த தேத்தண்ணீரும் கலர் தண்ணியும் நாள்தோறும் சேர்ந்துகொண்டன. உழைக்கும் தசை, இன்சுலினின் துணையில்லாமலே சர்க்கரையை உறிஞ்ச வல்லது. உழைப்பால் விரையும் குருதியோட்டம் குழாய்களில் நைட்ரிக் ஆக்சைடைப் பெருக்குவது. உழைப்பு நின்றதும் உடல் இவ்விரு துணைகளையும் இழந்தது. கிணறு தோண்டச் சொன்ன சுசுருதர் காரணம் அறியாதிருந்தாலும் பயனை அறிந்திருந்தார்.

முன்னோர் பட்ட கொடிய உழைப்பை நாம் மீண்டும் விரும்பவில்லை. அவ்வுழைப்பு அவர்களை நோயிலிருந்து காத்தது என்று புகழ்வது, அவர்களை இளம்வயதிலேயே வீழ்த்திய பசியையும் காய்ச்சலையும் மறப்பதாகும். அடிமை உழைப்பு நீங்கியது நன்று. அத்தோடு நடையும் நீங்கியதே தீது.

கற்பிப்போர் கடமை

சென்னையில் 1948-இல் ஸ்டான்லி மருத்துவமனையில் மருத்துவர் மா. விசுவநாதன் நீரிழிவுக்கெனத் தனிப்பிரிவு தொடங்கியபொழுது, நோயாளிக்கு மருந்தோடு அறிவும் வேண்டும் என்னும் எண்ணம் தமிழ்மண்ணில் காலூன்றியது. அவ்வறிவைத் தமிழில் தருவோர் நம் நாட்டில் எவர்? சபாக்கிலும் தஞ்சோங் காராங்கிலும் மருத்துவமனைகள் உண்டு. அங்கே மருந்து கிடைக்கிறது. அம்மருந்து ஏன் என்பதைப் பாட்டியின் மொழியில் சொல்லத் தெரிந்த பேரப்பிள்ளை வீட்டிலிருந்தால், ஊசியைக் கண்டு அஞ்சும் பாட்டி அதனை ஏற்பாள்.

'இன்சுலின் உன் உடலுக்கு அயலான நஞ்சன்று, பாட்டி. உன் கணையம் நாள்தோறும் செய்துவந்த சரக்கே அது. கணையம் களைத்துவிட்டது, குறைந்த அளவை ஊசி நிறைக்கிறது' என்று ஒரு மாணவன் சொல்லும்படி செய்வது அறிவியல் பாடத்தின் வேலை மட்டுமன்று, தமிழ்ப்பாடத்தின் வேலையும் ஆகும். கணையம், உயிரணு, நொதி முதலிய சொற்கள் தேர்வுத் தாளோடு நின்றுவிடாமல் அடுக்களைப் பேச்சுக்கு வருதல் வேண்டும். அப்பொழுது இனிப்பு நீர் விதியாகத் தோன்றாது. அளந்தறிந்து ஆளத்தக்க ஒரு நோயாகத் தோன்றும்.